பழவேற்காட்டில் புதைத்த கட்டி

12 ஜூன் 2006, திங்கள்

என் இடது மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மண்ணில் புதைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்தது இதுதான். நாளைக்கு யாரும் இதை வேறு மாதிரி மாற்றிச் சொல்லக் கூடாது என்று எழுதிவைக்கிறேன்.

காலையில் தையல் பிரிக்க மருமகள் உமைராவோடு, கட்டியை எடுத்த நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். தையலைப் பிரித்ததும், "ரிசல்ட் எங்கே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதான் பாட்டில்ல போட்டு உங்க தம்பி கையிலயே குடுத்தோமேம்மா. மெட்ராஸ் லேபுக்கு எடுத்துக்கினு போகச் சொல்லி நர்ஸ் சொல்லியிருப்பாங்களே."

நர்ஸைக் கூப்பிட்டார். அவள், "டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள்.

லேபுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. ரிசல்ட் வரவில்லையே என்று இத்தனை நாளில் யாராவது தேடினார்களா? அதுவும் இல்லை. "சாதாக் கட்டியாத்தான் இருக்கும் பாட்டி, பயப்படாதீங்க" என்கிறார். இருக்கும்! எதைப் பார்த்துச் சொல்கிறார்?

வீட்டுக்கு வந்து பழவேற்காட்டில் இருக்கும் என் தம்பி சஹாபுதீனுக்குப் போன் போட்டேன்.

"லேபுன்னு யாரும் சொல்லலக்கா. 'இத எடுத்துக்கினு போங்க பாய்'னு கையில குடுத்தாங்க. ஒன் ஒடம்புல இருந்த சதை. நாயி பூனை இழுக்க உடலாமா? நம்ம கபர்ஸ்தான்ல, உம்மா பக்கத்துல அடக்கம் பண்ணிட்டேன்."

உடம்பிலிருந்து பிரிந்ததை மண்ணுக்குக் கொடுப்பது நம் வழக்கம்தான். நகத்தையும் முடியையும்கூடப் புதைக்கிறவர்கள் நாங்கள். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் — டேய், நான் உசுரோட இருக்கேன்டா. என்னக் கேக்க வேணாமா?

13 ஜூன், செவ்வாய்

அழுதேன். அது போதும்.

15 ஜூன், வியாழன்

மெட்ராஸுக்குப் போய்க் காட்ட வேண்டாம் என்றான் மகன் சர்ஃபராஸ். "டாக்டரே சாதாக் கட்டின்றாரு. நீ ஏன் உம்மா கெட்டதத் தேடிக்கினு போற?" தேடாமல் இருந்தால் இல்லாமல் போய்விடுமா? சிப்காட் ரோட்டில் இருக்கும் எங்கள் கடையில் கையுறையும் பூட்ஸும் விற்கிறவன் அவன். உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ஜோடி பூட்ஸாவது கொடுப்பானா? அவன் கடைக்குக் கிளம்பியதும் உமைராவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

மெட்ராஸில் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பையனாகத் தெரிந்தார். ஆனால் பொறுமைசாலி. தழும்பைத் தடவிப் பார்த்தார். அக்குளில் விரல் வைத்து நெடுநேரம் தேடினார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கேன்சரா இருந்தா மறுபடி ஒரு ஆபரேஷன் வேணும், அப்புறம் மருந்தும் வேணும். சாதாக் கட்டின்னா ஒண்ணுமே வேணாம், வீட்டுக்குப் போகலாம். ரெண்டுல எதுன்னு சொல்ல எனக்கு அந்தக் கட்டி வேணும்."

"இல்லேன்னா?"

"சும்மா இருந்து, திரும்ப வருதான்னு பார்க்கலாம். இல்ல, அதே இடத்தைத் திறந்து, சுத்தி இருக்கிற சதையை எடுத்து டெஸ்ட் பண்ணலாம். அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும், முன்னாடி எடுத்தது என்னன்னு தெரியாதும்மா."

திரும்ப வருகிறதா என்று காத்திருப்பதா? அது வருகிறபோது என்னைக் கேட்டுக்கொண்டா வரும்?

கட்டியைப் புதைத்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கீழே லேபுக்கு அனுப்பினார். அங்கே சாராள் என்ற டாக்டரம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "பாட்டில்ல மூக்கை எரிக்கிற மாதிரி வாசனை இருந்துச்சான்னு உங்க தம்பியைக் கேளுங்க. ஃபார்மலின்னு ஒரு மருந்து. அதுல கிடந்தா சதை அழுகாது. ஆனா வெளியே எடுத்துத் துணியில சுத்திப் புதைச்சிருந்தா, மறந்துடுங்க."

ரயிலில் உமைரா மெதுவாகக் கேட்டாள். "மாமி, பாட்டிலோட இருந்தா கபர்ஸ்தானையா தோண்டப் போறீங்க?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "போவீங்க."

16 ஜூன், வெள்ளி

போனில் கேட்கிற விஷயம் இல்லை. பழவேற்காட்டுக்கு வந்துவிட்டேன். சஹாபு கருவாட்டுக் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"பாட்டிலைத் திறந்தியா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? திறந்தியா இல்லியா?"

"திறக்கலக்கா."

"ஏன்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எப்படிக்கா திறப்பேன்? நீ எனக்கு அக்கா. அது ஒன் மாருல இருந்தது. நா பாக்கலாமா? பையில இருந்து கண்ண மூடிக்கினு எடுத்து, வெள்ளத் துணியில சுத்தி, பாட்டிலோட அப்படியே வெச்சிட்டேன். கையெல்லாம் ஒரே நெடி. ரெண்டு நாளு போவல."

அறுபது வயது ஆம்பிளை. பேரன் எடுத்தவன். அந்தக் கூச்சத்தை என்னவென்று சொல்வது? எனக்குச் சிரிப்பு வந்தது.

"சஹாபு, தோண்டு."

"அக்கா!"

"தோண்டுடா."

ஜமாஅத்தைக் கேட்காமல் கபர்ஸ்தானில் மண்வெட்டி வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சரி, ஜமாஅத்தைக் கேட்போம்.

17 ஜூன், சனி

ஜமாஅத் தலைவர் அமானுல்லா பாய் பொன்னேரிக்குப் போயிருக்கிறார். நாளைதான் வருவாராம். சர்ஃபராஸ் போனில் கத்தினான். வைத்துவிட்டேன்.

18 ஜூன், ஞாயிறு

அமானுல்லா பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் தாடியைத் தடவினார்.

"அடக்கம் பண்ணதத் தோண்டக் கூடாது ஆபிதா. மய்யித்துக்குன்னு ஒரு மரியாத இருக்குதுல்ல?"

"யாரு பாய் மய்யித்து? அதுக்குச் சொந்தக்காரி ஒங்க முன்னால ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. இவர் சிரிக்கவில்லை. "ஊரு இன்னா பேசும்? கபரத் தோண்டுனாங்கன்னு பேசாது?"

"நான் மவுத்தானா ஊரே வந்து எனக்கு ஆறடி தோண்டுவீங்க. இப்ப ஒரு முழம் தோண்டச் சொல்றேன். இத இன்னிக்குத் தோண்டுனா அது கொஞ்சம் தள்ளிப் போவும். அவ்ளோதான் கேக்கறேன்."

சஹாபு என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. ஆறினதையும் குடித்தேன்.

கடைசியில் அவரே இமாமுக்கு ஆள் அனுப்பினார். இமாம் வயதில் சின்னவர். கேட்டுவிட்டு, "உசுரைக் காப்பாத்தற காரியம்னா தடுக்கறதுக்கு நாம யாரு?" என்றார். நாளை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் மட்டும். எந்தக் கபர் மேலும் மண்வெட்டி படக் கூடாது. நான் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

நிற்கிறேன். நிற்பதற்கு என்ன?

19 ஜூன், திங்கள்

இடத்துக்கு அடையாளம் வைக்கவில்லை அவன்! கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். ஒரு இடத்தில் தோண்டினான், வெறும் மணல். மூடினான். தள்ளி வேறொரு இடம். அங்கே ஏரித் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது.

"உம்மாவுக்குத் தலமாட்டுலயா கால்மாட்டுலயா?" என்று கத்தினேன்.

"அதான் மறந்துட்டேன்கா!"

"நெத்திலி மூட்டை எங்க கெடக்குதுன்னு மட்டும் மறக்க மாட்டே!"

அமானுல்லா பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கால்மாட்டில்தான் கிடைத்தது. துணி மண் நிறமாகிவிட்டது. பாட்டில் உடையவில்லை. ஊறுகாய் பாட்டில். மூடியைச் சுற்றி நர்ஸ் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. சஹாபு முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பி வழியாக நீட்டினான்.

என் உடம்பிலிருந்து போனதை இன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். பெரிய நெல்லிக்காய் அளவு. வெளுத்து, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் கொழுப்போடு. எத்தனை மாதம் என்னோடு தூங்கி என்னோடு எழுந்தது இது! வெறுப்பு வரவில்லை. இப்போ சொல்லு, நீ யாரு? அதைத்தான் கேட்டேன்.

20 ஜூன், செவ்வாய்

சாராள் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொஞ்சமாகத் திறந்து மோந்தார். "ஃபார்மலின்தான். மூடி இறுக்கமா இருந்ததால தப்பிச்சிருக்கு. வெட்டாம முழுசா போட்டிருக்காங்க, நடுவுல மருந்து போய்ச் சேர்ந்துச்சான்னு வெட்டினாத்தான் தெரியும்."

இன்னொன்றும் சொன்னார். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் உள் என்று அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி அனுப்புவார்களாம். அது இல்லாததால், ஓரம் வரை நோய் வந்திருந்தால் எந்த ஓரம் என்று சொல்ல முடியாது. ஒரு நூல்! அதையும் செய்யவில்லை அந்த ஆள்.

26 ஜூன், திங்கள்

ரிசல்ட் வாங்க இந்த முறை சர்ஃபராஸும் மெட்ராஸுக்கு வந்தான். நான் உட்காருவதற்குள் டாக்டரைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனான்.

"அங்க இன்னாடா குசுகுசுன்னு? என் மாரா, ஒன் மாரா? இங்க வந்து பேசு!"

காத்திருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அவன் கண் சிவந்திருந்தது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் வாயால் கேட்டேன்.

கேன்சர். ஓரத்தைத் தொட்டிருக்கிறது. எந்த ஓரம் என்று தெரியவில்லை. அதனால் மீதி மார்பையும் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும்.

சாதாக் கட்டியாத்தான் இருக்கும் பாட்டி, பயப்படாதீங்க. சாதாக் கட்டியாம்! சும்மா இருந்திருந்தா? சர்ஃபராஸ் சொன்ன மாதிரி சும்மா இருந்திருந்தா?

வரும் வழியில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "மன்னிச்சிடு உம்மா." தலையில் ஒரு குட்டு வைத்தேன். கல்யாணம் ஆகி இருபது வருஷமானவனுக்கு ரயிலில் குட்டு.

4 ஜூலை, செவ்வாய்

கட்டியில் இன்னொரு பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். பெண் உடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற கட்டியா என்று பார்ப்பது. அப்படித்தான் என்று வந்திருக்கிறது.

"எனக்குத் தீட்டு நின்னு எத்தனையோ வருஷமாச்சே. இன்னும் எங்கேருந்து சுரக்குது?"

"உடம்புல இருக்கிற கொழுப்பே கொஞ்சம் கொஞ்சமா செய்யும்மா," என்றார் சாராள். "அதைக் கட்டி எடுத்துக்க விடாம தடுக்கத்தான் மாத்திரை. தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம்."

இத்தனை நாள் பாட்டிலில் கிடந்த சதையை நம்பலாமா என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். சதைக்குச் சாயம் ஏற்றித்தான் இதைப் பார்ப்பார்களாம்; மருந்தில் அதிக நாள் ஊறினால், பிடிக்க வேண்டிய சாயம்கூடப் பிடிக்காமல் போகும். 'இல்லை' என்று வந்திருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டாராம். இத்தனைக்கும் பிறகு 'இருக்கு' என்று வந்தால் அது இருக்கிறதுதான்.

திருப்பித் திருப்பி யோசித்தேன். சரிதான்.

10 ஜூலை, திங்கள்

ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். டாக்டர் படித்தார். முகம் மாறிவிட்டது. "ரொம்ப சாரிம்மா" என்றார்.

"சாரி எனக்கு வேணாம். இனிமே கட்டி எடுத்தா லேபுக்குச் சீட்டு எழுதுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்க கேளுங்க. எழுதறேன்னு சொல்லுங்க."

பார்க்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

வெளியே வந்தால், வாசலில் ஒரு ஆள் கையில் பிளாஸ்டிக் பையோடு நிற்கிறான். சிப்காட்டில் வெல்டராம், குப்புராஜ் என்று பெயர். பெண்டாட்டி முத்தம்மாளுக்குக் கழுத்தில் கட்டி எடுத்திருக்கிறார்கள். "இத இன்னாம்மா பண்றது? குப்பையில போட்டா பாவமா?" என்று என்னையே கேட்கிறான்!

அவன் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "எழுதுங்க சீட்டு" என்றேன். டாக்டர் எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் மேஜையை விட்டு நகரவில்லை.

16 ஜூலை, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன். யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன்.

சர்ஃபராஸ்: நர்ஸிங் ஹோம் மீது நான் எழுதிவைத்திருக்கும் புகார் மனுவைத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தபாலில் போடக் கூடாது. என்னைப் பற்றி டாக்டரிடம் பேசுவதானால் என் கட்டில் பக்கத்தில் நின்று பேச வேண்டும்.

உமைரா: மாத்திரைச் சீட்டை வாங்கி, பெயரை எனக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தன் மார்பையும் மாதம் ஒரு முறை தடவிப் பார்க்க வேண்டும். சிரிக்கக் கூடாது.

குப்புராஜ்: வியாழக்கிழமை மனைவியின் ரிசல்ட்டை வாங்க வேண்டும். வாங்காவிட்டால், குப்புராஜ் வேலை செய்கிற கம்பெனி கேட்டில் சர்ஃபராஸ் போய் நின்று கேட்க வேண்டும்.

நர்ஸிங் ஹோம் டாக்டர்: ஒவ்வொரு கட்டிக்கும் சீட்டு, ஒவ்வொரு கட்டிக்கும் நூல். செய்கிறாரா என்று நான் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் போய்ப் பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும்.

சாராள் டாக்டர்: வேலை முடிந்து மிஞ்சுகிற சதையைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மறக்க மாட்டார்.

சஹாபு: ஆபரேஷன் வாசலை விட்டு அசையக் கூடாது. சதை வைத்த பாத்திரம் வெளியே வந்தால் கூடவே லேப் வரைக்கும் நடக்க வேண்டும். மருந்து சதையை மூடி நிற்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அவர்கள் திருப்பித் தருவதை உம்மா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். இந்த முறை ஒரு கல் நட்டுவைக்க வேண்டும்.

நான்: மயக்கம் தெளிந்ததும், வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், சஹாபுவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், போய்ச் சேர்ந்துதாடா என்று.