ஒரு பல் தள்ளினால்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய மாமாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஃபோனில் திட்டியதோடு சரி. இப்போது திட்டுவதற்கு எண் இல்லாததால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், நீ செய்தது அவர்களுக்கும் தெரியட்டும்.

உன் பெண்டாட்டிக்கு, என் அக்காவுக்கு, வேலை கிடைத்திருக்கிறது. வில்லியனூரில் என் மெக்கானிக் கடையைத் தாண்டி ஒரு துணிக் கம்பெனி. திங்கட்கிழமை காலை ஷிப்டில் சேரச் சொன்னார்கள். சேலியமேட்டில் பஸ்ஸுக்கு நின்றால் அவள் போய்ச் சேருவதற்குள் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். "அவரு வண்டிலதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். அறுவடை முடிந்த வயலில் அவளுக்கு அந்த பைக்கை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நீதானே?

உன் அம்மாதான் குறுக்கே நின்றார்.

"அந்த வண்டிதான் எம் புள்ளைய முழுங்குச்சி. அத்தப் போயி மறுபடி உயிர் குடுத்து எழுப்புறீங்களா?" என்றார் அத்தை. கடைசியில் அத்தையே ஒரு முடிவு சொன்னார். "ஒரு தபா எடுத்துப் பாருங்க. வழில எங்கனா நின்னுச்சுன்னா, அன்னிக்கே காயலாங்கடைக்குப் பூடணும். அப்புறம் எவளும் அத்தத் தொடக்கூடாது." அக்கா சரி என்று தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

அத்தை சொல்வதில் பாதிதான் உண்மை, மாமா. அன்றைக்குக் கரும்புத் தோட்டத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். ஏரிக்கரை ரோட்டில் என்ஜினுக்குள்ளே செயின் தாவி, வண்டி நின்றுவிட்டது. அதுவரை வண்டியின் குற்றம். அதற்குப் பிறகு நடந்ததற்கு வண்டி என்ன செய்யும்? ஓரமாகச் சாய்த்துவிட்டு யாரையாவது கைகாட்டி நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். நீ வண்டியைத் தள்ளினாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில், அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டே நடந்தாய். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஏறச் சொன்னதற்கு, "வண்டிய வுட்டுட்டு எப்டிபா வர்றது" என்று கேட்டாயாமே. எப்படி வருவது? விட்டுவிட்டு ஏறி வருவதுதான், மாமா. இப்படித்தான் வருவது. உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என்ஜினைப் பிரித்துப் பார்த்தேன். வால்வு இரண்டும் வளைந்திருந்தன, பிஸ்டன் தலையில் பள்ளம். எல்லாம் புதிதாகப் போட்டேன். இனிமேல் நான் சொல்வது உனக்குப் பிடிக்காது. கடையில் நான் என்ஜின் பேச்சை எடுத்தாலே டீ குடிக்க எழுந்து போய்விடுவாய். இப்போது எங்கே எழுந்து போவாய்? கேள்.

கீழே பிஸ்டன் ஏறி இறங்குகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுற்றி, வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டையும் ஒரு செயின்தான் பிணைக்கிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு வழிவிட வேண்டும். செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் வண்டி முக்கி முனகும். இன்னும் தள்ளினால் வால்வு போய்ப் பிஸ்டனில் முட்டும், மறுபடி முதலிலிருந்து. அதற்காகத்தான் பல்சக்கரத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்த புதுச் சக்கரத்தில் கோடே இல்லை. பழையதை அதன்மேல் வைத்துப் பார்த்து, அதே இடத்தில் ஒயிட்னரால் ஒரு கோடு இழுத்து, மாட்ட மிச்சமிருந்ததையெல்லாம் உன் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து அடுக்கிவைத்துவிட்டுப் போனேன்.

நடுவில் ஆயுதபூஜை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், சாக்கின் மேல் கொலு வைத்தாற்போல் இருக்கிறது. ஒவ்வொரு சாமானும் பளபள. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பல்சக்கரத்துக்கு ஒரு சாமந்திப் பூகூட.

"அழுக்கோட வெச்சி எப்டிடா படைக்கிறது? மண்ணெண்ணெ போட்டு பிரஷ்ஷால தேச்சேன். அதுல ஏதோ வெள்ளையா ஒட்டிக்கினு இருந்திச்சி, சொரண்டி எடுக்கறதுக்குள்ள நகமே போச்சி" என்றாள் அக்கா, பெருமையாக.

அவள் சுரண்டி எடுத்தது நான் போட்ட கோடு. "பழைய சக்கரம் எங்கக்கா?"

அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பூசைக்கு வூட்ட ஒழிச்சப்ப காயலாங்கடைக்காரங்கிட்ட போட்டுட்டேன். இன்னாத்துக்கு அது?"

யாரைத் திட்டுவது? ஒருத்தி பக்தியில் துடைத்தாள், ஒருத்தி கோபத்தில் போட்டாள். கடைகளெல்லாம் பூஜை விடுமுறையில் இருந்தன. விடிந்தால் திங்கட்கிழமை. நான் அக்காவிடம் ஸ்பானரைக் கொடுத்தேன். "கீழ இருக்கற நட்ட நீ சுத்து. நான் மேல பார்க்கறேன். ப்ளக்கக் கழட்டிட்டேன், அதனால கைக்கு லேசா போவணும். எங்கனா நின்னுச்சுன்னா வுட்டுடு, பலம் காட்டாத. பலம் காட்டுனா வால்வு வளைஞ்சிடும்."

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். வால்வைத் தள்ளும் கேமின் மூக்குகள் இரண்டும் கீழே பார்க்கும்படி, கண் மதிப்பில் சக்கரத்தை வைத்துச் செயினை மாட்டினேன். அக்கா சுற்றத் தொடங்கினாள். ஸ்பானர் மெல்ல நகர்ந்தது. அத்தை வாசற்படியில் வந்து நின்றதை நிழலில் பார்த்தேன்.

"முட்டுதுடா."

"வுடு!"

கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். உள்ளே இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நெல்மணி அளவு அழுத்தியிருந்தால் உன் வண்டியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மெல்லப் பின்னால் திருப்பி, போல்ட்டைக் கழற்றி, செயினைப் பல் மாற்றிப் போட்டேன். இந்தத் தடவை தடையில்லாமல் சுற்றியது. ஆனால் சுற்றினால் மட்டும் போதாது. பிஸ்டன் உச்சிக்கு வரும் ஒரு சுற்றில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். அடுத்த சுற்றில் ஒன்று மூடிக்கொண்டிருக்க, மற்றது அப்போதுதான் திறக்கும். அந்த இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அழுந்தியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். ஒன்று தெளிவாக முந்தியிருந்தது. இன்னும் ஒரு பல். மறுபடி கழற்றினேன், மாட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்பானரைப் பிடித்தாள்.

இந்தத் தடவை இரண்டும் சமம். சந்தேகத்துக்கு மறுபடி மறுபடி சுற்றச் சொன்னேன். "கை வுட்டுப் போச்சிடா" என்று அவள் சொல்லும்வரை சுற்றினாள்.

மூடியெல்லாம் பூட்டி, ஆயிலை ஊற்றி, கடையிலிருந்து பாட்டிலில் கொண்டுபோன பெட்ரோலை டேங்கில் விட்டேன். கிக்கரை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. அக்காதான் மிதித்தாள். இரண்டு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது, மாமா. அதே சத்தம். அத்தை காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு ரவுண்டு போயி வர்றேன்" என்று அக்கா கிளம்பிவிட்டாள். ஏரிக்கரைப் பக்கம்தான் போனாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. தூரத்தால் நின்றதா, வண்டியே நின்றதா? தெருவுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். அத்தை மறுபடி வெளியே வந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபோன் அடித்தது.

"நின்னுடுச்சிடா" என்றாள்.

"எங்க? நீ எப்டி இருக்க? தள்ளாதக்கா, நான் வர்றேன்."

"நான் ஏன் தள்றேன்? வண்டிய ஓரமா நிறுத்திட்டு சாவிய எடுத்துக்கினேன். நடந்துதான் வந்துகினு இருக்கேன். அது இரும்புதானடா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அத்தை கேட்டுவிட்டார்.

காயலான்கடை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இந்தப் புத்தி அவனுக்கு வரலியே" என்றார். "வுட்டுட்டு வந்திருக்கலாமே பாவி, வுட்டுட்டு வந்திருக்கலாமே." நீ போன நாளன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள், வெறுங்கையை வீசிக்கொண்டு, முகமெல்லாம் புழுதியோடு. அத்தை எழுந்து அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் இன்னா நிக்கிற? போயி எடுத்துகினு வா. காலைல அவ வேலைக்குப் போவ வேணாமா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். என்ஜினுக்கு ஒன்றுமில்லை. நான் ஊற்றிய பாட்டில் பெட்ரோல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். இன்று காலை அக்கா வேலைக்குப் போய்விட்டாள்.

என் மேல் நம்பிக்கை வை, மாமா. அந்த வண்டி இனி எந்த ரோட்டில் நின்றாலும் போய்க் கொண்டுவருவது என் வேலை. உன் பெண்டாட்டி ஒருநாளும் அதைத் தள்ள மாட்டாள்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் திட்டி முடிக்காத மச்சான்.