உனக்காகக் காத்திராத பெட்டி

அன்பு மகள் ரோவெனாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், மாதாவிடம் நான் கேட்பது இப்போது அது ஒன்றுதான். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துகொள் மகளே. உன் அம்மா போய்விட்டாள். அடக்கமும் முடிந்துவிட்டது. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியது, கரும்பு வெட்டு இல்லாத பட்டினி மாதம், நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, போயிருந்தாலும் ராணுவச் சோதனைச் சாவடியில் உன் பெயரைச் சொல்லியே வண்டியைத் திருப்பியிருப்பார்கள். உனக்குத் தந்தி அடிக்கக் கிளம்பிய உன் தம்பி எலிசரை வாசலில் மறித்தவன் நான்தான்.

வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் அது வந்து முகம் பார்க்கும்வரை சவப்பெட்டி மூடாமல் காத்திருக்கும் என்பது நமக்கு மட்டுமா தெரியும், உன்னைத் தேடுகிறவர்களுக்கும் தெரியும். முதல் நாளே முன்பின் பார்க்காத இரண்டு பேர் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவன் முதலில் பெட்டிக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துச் சிலுவை போட வேண்டாமா, நம் ஊர்க் குடிகாரன்கூட அதைச் செய்துவிட்டுத்தான் இரவு கண்விழிக்கச் சீட்டாட உட்காருவான். இவர்கள் பெட்டிப் பக்கமே திரும்பாமல் நேராகச் சீட்டு மேசைக்குப் போனார்கள். காப்பி குடித்தார்கள், பிஸ்கட்டைத் தின்று தீர்த்தார்கள், "என்ன பெருசு, மூத்த பொண்ணு எப்ப வருது?" என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை, ஊரே அதைத்தான் கேட்டது. ஆனால் இவர்கள் உன்னைப் பிடிக்க வந்தவர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் தடுத்தாலும் யார் வாய் வழியாகவாவது செய்தி உன் காதுக்கு வந்துவிடும், பெட்டி மூடவில்லை என்று தெரிந்தால் நீ விமானம் ஏறிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. மறுநாள் காலையே பாதிரியாரை வரவழைத்து மூடச் சொல்லிவிட்டேன். உன் சித்தி கோன்சிங் பெட்டிமேல் விழுந்து, "பெத்த மகளுக்கு மூஞ்சியக் காட்டாம மூடுறீங்களே அத்தான், எங்க அக்கா என்ன நாறியா போச்சு? நீங்க மனுசந்தானா?" என்று கத்தினாள். காரணத்தைச் சொல்ல முடியுமா, அந்த இரண்டு பேரும் பக்கத்திலேயே தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது ஊரில் எனக்குப் பெயரே கல்நெஞ்சன்தான்.

பள்ளிக்கூடத்து வேலையோடு நின்றிருக்கலாம் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். உன்னோடு வேலை பார்த்து, பிறகு காணாமல் போன வாத்தியாரைக் கேட்டு ராணுவ முகாம் வாசலில் போய் நின்றாய். பிறகு மலைக்கு ஏறி, எங்கள் ஊருக்குள் நீங்களும் துப்பாக்கியோடு வராதீர்கள் என்று அங்கே ஒளிந்திருக்கும் போராளிகளிடமும் கேட்டாய். இரண்டு பக்கமும் உன்னைத் திட்டியது, ஆனாலும் ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பக்கமும் வரவில்லை, நாங்கள் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம். அது பொய் இல்லை, நான் இருந்து பார்த்தேன். ஆனால் ஆயுதம் நுழையக் கூடாது என்று நீ ஊர் எல்லையில் நட்ட பலகை இன்று ஊர்த்தலைவரின் பன்றிக் கொட்டிலுக்குத் தடுப்பு. மலைக் குடும்பங்கள் சண்டைக்குப் பயந்து மறுபடியும் கோவில் தரையில் பாய் விரித்துக் கிடக்கின்றன, உன்னால் உயிர் பிழைத்தவர்கள் எலிசரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடக்கிறார்கள். அவர்களைத் திட்டாதே, பயம் யாரை விட்டது. இந்த நாடு சரியாகிவிடும் என்று உன் மனம் குளிர எழுத ஆசைதான், எனக்கே நம்பிக்கை இல்லாததை உனக்கு எப்படித் தருவேன்.

குளிருக்குக் காலுறை போடாமல் நடக்காதே, வேளைக்குச் சோறு சாப்பிடு. ஒன்பது நாள் ஜெபத்துக்கு உன் அறையிலேயே மெழுகுவர்த்தி ஏற்று. பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, இதைக் கொண்டுவரும் கன்னிகாஸ்திரியிடமே கொடு. ஒன்றை மறைக்க மனமில்லை. அம்மா கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோவெனா வந்து பாக்குற வரைக்கும் என்னைய மூடிராதீங்க" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடுதான் அவள் போனாள். என்மேல் ஆத்திரம் வந்தால் அங்கேயே இருந்து ஆத்திரப்படு மகளே. என் முறை வரும்போதும் உடனே மூடிவிடும்படி எலிசரிடம் சொல்லிவிட்டேன், அதற்கும் நீ வராதே. அந்த ஊரிலேயே நரைத்து, அந்த ஊரிலேயே கிழவியாகு. இதைவிட நல்ல ஆசீர்வாதம் உன் அப்பனிடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்சியானோ