காக்காப்பொன் இல்லாத மூட்டை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மருமகளுக்குப் பல் முளைக்கிறது, அழுது ஊரையே கூட்டுகிறாள்.

வேலை விஷயம் ஒன்று. ரயில் சுரங்கத்தில் வெட்டும் பாறையையே உடைத்து, சுரங்கச் சுவருக்குக் கான்கிரீட் போடுகிறோம். வாரா வாரம் நீ லாரியில் அனுப்பும் மாதிரி மூட்டையைச் சோதித்துத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதத்திலிருந்து நீங்கள் குடைவது காக்காப்பொன் (மைக்கா) மினுங்கும் பாறை என்று வரைபடம் சொல்கிறது. அது அதிகம் கலந்தால் கான்கிரீட்டுக்குப் பலம் இருக்காது. உன் மூட்டையில் ஒரு துணுக்குகூட இல்லையே, எப்படி? அங்கே டவர் கிடையாது, டிரைவரிடமே பதில் கொடுத்துவிடு.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல மார்க் வாங்கினாலும் யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டவள்தானே நீ. கல் நன்றாக இருந்தால் அதற்கும் சந்தேகமா? வேண்டுமானால் நேரில் வந்து பார், நாலு மணி நேரப் பயணம்தான். மருமகளையும் தூக்கி வா. உடைக்கும் இயந்திரத்துக்குக் கல் போதவில்லை என்று மேனேஜர் வேறு என்மேல் கடுப்பில் இருக்கிறார்.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

லீவு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கவும் இல்லை. டிரைவரிடம் ஜாடையாக விசாரித்தேன். "உங்க தம்பிதான் உட்கார்ந்து கையாலே கல்லு பொறுக்குறாரும்மா" என்றார். என் கண்ணில் மண்ணைத் தூவவா நல்ல கல்லாகப் பொறுக்கி மூட்டை கட்டினாய்? நாளை அந்த ரயிலில் போகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. இந்த வேலைக்கு உன்னைச் சிபாரிசு செய்தவளே நான். தலைமைப் பொறியாளருக்குப் புகார் எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 27

மதிப்பிற்குரிய சோதனைக்கூட அதிகாரி அவர்களுக்கு,

டிரைவர் சொன்னது உண்மை. பொறுக்கினேன், ஆனால் மூட்டைக்காக அல்ல. பாறை வரும் பெல்ட் அருகே உட்கார்ந்து, மினுங்கும் கல்லையெல்லாம் கழித்து வெளியே தள்ளினேன். பாதிக் கல் அப்படித்தான் போயிற்று. மேனேஜரின் கடுப்பும் அதனால்தான். உங்கள் கடிதம் அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது. அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார். இதை முன்பே விளக்கியிருக்கலாம். நீங்கள் நம்பவில்லையே என்ற ரோஷத்தில் விட்டுவிட்டேன். இப்போது பெல்ட்டில் யாரும் இல்லை, வருவதெல்லாம் இயந்திரத்துக்குள் போகிறது. அடுத்த மூட்டையைக் கவனமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊழியர்

ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

போனையும் நீ எடுப்பதில்லை. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் நீ பிரிக்கவே இல்லை என்று உன்னோடு அறையில் இருப்பவர் சொன்னார்.

புது மூட்டை வந்தது. தட்டில் கொட்டினேன், தட்டு முழுக்க மினுங்கிற்று. தேறாது என்று எழுதிக் கொடுத்தேன். வேலையை நிறுத்திவிட்டார்கள், பத்து நாளாகப் போட்ட சுவரை இடிக்கிறார்கள். நீ ஒருவனாக உட்கார்ந்து எதைத் தடுத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது பெரிய தப்பு.

தலைமைப் பொறியாளர் உன்னைத் திரும்ப வரச் சொல்கிறார். "நீங்களே கூப்பிடுங்கம்மா, உங்க தம்பிதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனியும் அப்படிச் சொல்லலாமா என்பதை மட்டுமாவது எழுது.

அக்கா