குட்டிகளின் காது பற்றிய தீர்மானம்

22-2-1968, வியாழன்

காலையில் இன்னும் பனி. சைக்கிள் சீட்டைத் துடைத்தே கைக்குட்டை நனைந்தது. மாட்டாஸ்பத்திரியில் டிஞ்சர் தீர்ந்தது, பஞ்சு அரைக்கட்டு. அரூர் ஆபீசுக்கு எழுத வேண்டும். வந்தவை: மாடு ஒன்பது, ஆடு நான்கு, காது வெட்டி அழுகிய நாய்க்குட்டி இரண்டு. குட்டிகள் பிழைக்காது.

டாக்டர் சேலத்துக்காரர், முன்கோபி. நாய்க்குட்டிகளுக்குக் காது வெட்டுவதைத் தடை செய்யச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்துவிட்டார். நாளை கூட்டம். பேச வேண்டியது கம்பவுண்டராகிய நான்.

"நான் பேசினா சட்டம் பேசறேன்னுவாங்க. நீங்கன்னா இந்த ஊர்ப் பேச்சுல சொல்லுவீங்க" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. நான்கு பக்கம் எழுதி மனைவி பிலோமினாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில், பருப்பு தீயுது என்று எழுந்து போய்விட்டாள்.

23-2, வெள்ளி

கூட்டம். டாக்டர் வரவில்லை. மொரப்பூர் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிப்பு, அங்கே போய்விட்டார். நான் அரைமணி நேரம் பேசினேன். துருப்பிடித்த அரிவாள், சீழ், புழு, ஜன்னி. ஒருவர்கூட இருமவில்லை.

எதிர்ப்பேச்சும் உண்டு. "காத வுட்டா சிறுத்தை கவ்வுங்க." "தொங்குற காதுல உண்ணி ஏறுங்க." "எங்கப்பங் காலத்துல இருந்து வெட்டறோம், எந்த நாயி வந்து கேட்டுச்சு?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரே மிதப்பு.

கடைசியில் தலைவர் எழுந்தார். "கம்பவுண்டரு வெவரமா சொல்லிட்டாருங்க. இனிமே எவனும் வூட்ல அறுவாள எடுக்கக் கூடாது. மாட்டாஸ்பத்திரிக்குத்தான் கொண்டாரணும். சுத்தமா வெட்டி மருந்து போட்டு அனுப்புவாங்க. இதான் தீர்மானம்."

கைதட்டல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க" என்று வாயைத் திறப்பதற்குள் மாலை விழுந்துவிட்டது. கதம்பம். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, வழியில் ஓர் ஆட்டுக்குப் போட்டேன்.

26-2, திங்கள்

கதவு திறக்கும் முன்பே வாசலில் ஏழு கூடை. எல்லாம் நாய்க்குட்டிகள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை!

"ஒரு காதுலயும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திருப்பி அனுப்பும் வேலை எனக்கு. ஆறு கூடைகள் முணுமுணுத்துக்கொண்டு போயின. ஏழாவது போகவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் மாதம்மாள். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கூடையில் இரண்டு செவலைக் குட்டிகள். வீட்டில் இன்னும் நான்காம்.

"நீங்க வெட்டலீன்னா எங்கூட்டுக்காரரு அறுவாள்ல வெட்டுவாருங்க. அது ஒங்களுக்குச் சம்மதங்களா?"

"வெட்டவே வேணாம்மா. அதைத்தான் சொல்றோம்."

"அத நீங்க அவருகிட்ட வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைப் பேச்சில் பாதியை அவளுக்கு மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன்.

28-2, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல். அதோடே வேலைக்குப் போனேன்.

மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூடையில் ஒரே குட்டி. இரண்டு காதும் அடியோடு இல்லை. ஓட்டையில் புழு நெளிந்தது. பதினாலு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், கையிலேயே இடுக்கியை வைத்துக்கொண்டு மேசையில் தேடினேன்.

"இன்னொண்ணு?"

"நேத்தே போயிருச்சுங்க. ஆஸ்பத்திரில தொரத்தி வுட்டாங்கன்னு சொன்னன். வந்த கோவத்துல அன்னைக்கே ரெண்டையும் அறுத்துட்டாருங்க."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புழு எடுத்துக் கழுவிக் கட்டுப் போடும்வரை குட்டியின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "மத்த நாலுக்கும் ஞாயித்துக்கெழமைங்க" என்றாள். கல்யாணத் தேதி சொல்வது போல.

29-2, வியாழன்

டாக்டரோடு சண்டை. வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவை.

நான்: மரப்பு ஊசி போட்டு நாமே வெட்டினால் நான்கும் பிழைக்கும்.

அவர்: "நாம வெட்டினா அது சரின்னு ஆயிடும். அப்புறம் நூறு வருஷம் ஆனாலும் நிறுத்த முடியாது."

நான்: "ஞாயித்துக்கிழமை சாகப்போறது நாலு குட்டி சார்."

அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதும் நியாயம். அதுதான் எரிச்சல். ராத்திரி பிலோமினாவிடம் எல்லாம் சொன்னேன். "அந்தம்மா புருஷங்கிட்ட நேர்ல போயிப் பேசுங்களேன்" என்றாள்.

2-3, சனி

லீவு சொல்லிவிட்டு மலையடிவாரம் போனேன். பேசத்தான் போனேன். ஆனால் பையில் ஊசி, மருந்து, கத்தரி எல்லாம் எடுத்துக்கொண்டேன். டாக்டருக்குத் தெரியாது.

மாதம்மாள் புருஷன் சின்னப்பையன் நல்ல மனுஷன். கயிற்றுக் கட்டில் போட்டு மோர் கொடுத்தான். ஒரு மணி நேரம் பேசினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா காது வெச்ச நாயி எம் பட்டிக்கு ஆவாதுங்க. நாளைக்கு நானே பாத்துக்கறன்."

நாளைக்கு. கூரையில் அரிவாள் செருகியிருந்தது.

ஊசியை எடுத்தேன். நான்கு குட்டிகள், எட்டுக் காதுகள். ஒன்றுகூடக் கத்தவில்லை. தையல் போட்டேன், மருந்து தடவினேன்.  பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நிம்மதி, சத்தியமாக நிம்மதி.

கை கழுவிவிட்டுத் திரும்பினால், அவன் காதுத் துண்டுகளை ஒரு இலையில் பொறுக்கிக்கொண்டிருந்தான். புதைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடுப்பில் வாட்டினான். கேழ்வரகுக் களியில் பிசைந்தான். குட்டிகளுக்கு முன்னால் வைத்தான்.

"அதது காத அததே தின்னாத்தாங்க ரோசம் வரும்."

எங்கள் ஊரிலும் வெட்டுவார்கள். இதை நான் கேட்டதே இல்லை.  மாதம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காது மரத்துக் கிடந்ததால் குட்டிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு தின்றன. தட்டை நக்கின.

பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூடவே வந்தான். என் பையையும் அவனே தூக்கி வந்தான். "ஒரு சத்தமில்ல, ஒரு சொட்டு ரத்தமில்ல. அடுத்த ஈத்துக்கும் ஒங்களத்தாங்க கூப்புடுவன். பக்கத்துப் பட்டிக்காரங்களுக்கும் சொல்லிட்டன்."