பக்கத்துக் காணிக்காரரின் சொல்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோவு குறைந்ததா? உம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா? தோஹாவில் நான் சுகம்.

எங்கள் கம்பனி ஒரு நாட்டின் காணிப் பதிவைப் பிளொக்செயினுக்கு மாற்றுகிறது. ஒருமுறை பதிந்ததைப் பிறகு யாராலும் மாற்ற முடியாது என்று முகாமையாளர் பெருமையாகச் சொன்னார். எனக்கோ, கள்ள உறுதிப் பத்திரம் முடித்து நமது ஆலங்குடாத் தென்னங்காணியைப் பதிந்த ஹோட்டல்காரரின் நினைவு வந்தது. “முதல் பதிவே பொய்யென்றால், பொய்யும் அழியாதே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். இனிக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்றார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. நேற்று அவரே கூப்பிட்டு, “உங்கள் ஊரில் காணி யாருடையதென்று எப்படித் தெரியும்?” என்றார். “பக்கத்துக் காணிக்காரரைக் கேட்போம்” என்றேன். எல்லைக்காரர் சம்மதித்தால்தான் பதிவு என்ற விதியை இப்போது நானே சேர்க்கிறேன்.

அதன் பிறகுதான் நமது பக்கத்துக் காணி லத்தீப் காக்காவுக்கு ஃபோனில் கோல் எடுத்து, நமது காணி வழக்கில் சாட்சி சொல்வாரா என்று கேட்டேன். “கோட்டுக்கு வந்து சொல்லுவன் மகள். வாப்பா ஒரு வார்த்த கேக்கல்லயே” என்றார். ரோசம் பார்க்காமல் அவரிடம் போய்க் கேளுங்கள், வாப்பா.

எல்லை வேலியைப் படமெடுத்து அனுப்புங்கள். வேலி மட்டும் வேண்டாம். நீங்களும் உம்மாவும் பக்கத்தில் நில்லுங்கள். சும்மா நின்றால் போதும்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறது, எழும்புகிறேன்.

மகள் றிஃப்னா