நாலு மணி நேரத்துக்குள்

மார்ச் 3
ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். மாற்று நுரையீரல் பட்டியலில் என் வீட்டுக்காரி பெயரைச் சேர்க்கப்போகிறார்கள். ஒரே நிபந்தனை: கூப்பிட்ட நாலு மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். இணையத்தில் பார்த்தேன். எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் விமான நிலையம் 1,140 கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். "தாராளமா போயிடலாம்" என்றேன். இவள் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, "பிளேன் நம்ம வாசல்ல வந்து நிக்குமா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு
நியாயமான கேள்விதான். நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன், பைகூட எடுக்காமல். வீட்டிலிருந்து விமான நிலையம் 45 நிமிடம். ஒரு மணி நேரம் முன்னாலேயே இருக்க வேண்டும். பறந்தது சொன்னபடி 1.55. இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, வெளியே விட 25. டாக்சியில் 1.05. ஆக, ஐந்து மணி பத்து நிமிடம். அதுவும் அந்நேரத்துக்கு ஒரு விமானம் இருந்தால். ஒரு நாளைக்கே மூன்று விமானம்தான்.
ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார்.
"யாரையும் இல்லைங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க வந்தேன்."
ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 11
படிவத்தில் 'பயண நேரம்' என்று ஒரு கட்டம். 3.45 என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12
நகலைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை — கத்த மூச்சு ஏது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நான் போய்ச் சேராம... அது வீணாப் போச்சுன்னா? அடுத்து ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்கல்ல?"
அந்த அடுத்த ஆள் எனக்கு மாமனா மச்சானா? வாய்விட்டே கேட்டுத் தொலைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. அவளே ஃபோன் போட்டு 5.10 என்று திருத்திவிட்டாள். அந்த ஊரில் குடியேறும்வரை பட்டியலில் பெயர் ஏறாது.

மார்ச் 13
அந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 20
வேலையை விடுவதாகச் சீருடைப் பட்டறை முதலாளியிடம் சொன்னேன். "இருபத்திரண்டு வருஷம் துணி வெட்டின கை. எங்க போனாலும் பொழைச்சுக்கும்" என்றார்.

ஏப்ரல் 6
ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். "இருக்கட்டும். சுவர் காத்துக்குப் போட்டி போடாது" என்கிறாள்.

ஜூலை 17
காலை ஒன்பதரைக்கு ஃபோன். பத்துக்குள் போய்விட்டோம். "நீங்க ரெண்டாவது. முதல் ஆள் நேரத்துக்கு வரலன்னாதான் உங்களுக்கு" என்றார் அங்கிருந்த நர்ஸ். இரண்டு மணிக்கு இவளை உள்ளே கொண்டுபோனார்கள்.
மூன்று மணிக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார், முப்பது வயது இருக்கும், மூக்கில் குழாய். தள்ளிக்கொண்டு வந்தது அவர் அக்கா. "ரெண்டு மணி நேர ஃப்ளைட்னுதானே போட்டிருந்துச்சு" என்று கவுண்டரில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"உங்களுக்கு யாரு உள்ள?"
"என் வீட்டுக்காரி."
"என்ன ஆபரேஷன்?"
பொய் சொல்லியிருக்கலாம். "நுரையீரல்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தம்பியின் மூக்குக் குழாயைச் சரிசெய்யப் போனாள்.

அக்டோபர் 4
எதிர் அறை காலியானது. வீட்டுக்கார அம்மாவிடம் நான்தான் பேசி வைத்தேன். அந்த அக்காவும் தம்பியும் இன்று குடிவந்தார்கள். யார் என்று இவளுக்குத் தெரியும், ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டேன். முகக்கவசத்தோடு இவள் அவர்கள் வாசலில் நின்று, தண்ணீர் எப்போது வரும், எந்த டாக்சிக்காரர் கூப்பிட்டவுடன் வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், மூச்சு வாங்க நடுவில் எங்கும் நிறுத்தாமல்.