அக்கா அனுப்பிய சொட்டு மருந்து

ஜூன் 4

சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொன்னது டிப்போவுக்குத் தெரிந்தால் பஸ் ஓட்டவே விடமாட்டார்கள் என்று பயப்படுகிறாய். நான் எதற்கு இருக்கிறேன்? என் சொட்டு மருந்தில் பிரிக்காத பாட்டில் ஒன்று இத்துடன் வருகிறது. நம் இரண்டு பேருக்கும் அப்பாவின் கண்தானே. எனக்குக் கேட்கிற மருந்து உனக்கும் கேட்கும்.

காலையும் மாலையும் ஒரு சொட்டு. கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையை இழுத்துப் பிடித்து விடு. பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. நீ பல் தேய்க்கிற லட்சணம் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கடையில் பள்ளிச் சீருடைகள் தைக்கக் குவிந்து கிடக்கின்றன. ஊசியில் நூல் கோக்க இன்னும் என் கண் போதும் என்றால் இந்த மருந்துதான் காரணம்.

உன் அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்தை ஒரு வேளை தவறாமல் விடுகிறேன். நீயே மெச்சிக்கொள்வாய்.

பல வருஷமாக எட்டிப் பார்க்காத வீசிங்தான் திரும்ப வந்துவிட்டது. டிப்போ வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தப் புழுதியாக இருக்கும். நேற்று பாலத்துக்கு முன்னால் மூச்சு முட்டி, எப்படியோ பஸ்ஸை ஓரம் கட்டினேன். கண்டக்டர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கண்ணில் விடுகிற சொட்டுத்தானே, அதைச் சொல்லி வேலைக்கு நானே உலை வைப்பதா?

டாக்டரிடம் மறுபடி போகவில்லை என்று வீட்டில் என் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ கவலைப்படாதே.

உன் தம்பி


ஜூன் 25

சின்னவனே,

அந்த பாட்டிலைத் தொடாதே என்று போனில் கத்தினேனே தவிர, ஏன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீசிங் என்று உன் எழுத்தில் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. முதல் நாளே கண் டாக்டர் என்னிடம், "உங்களுக்கு வீசிங் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. உடனே அவரிடம் ஓடினேன். கண்ணில் விட்டாலும் இந்த மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்குமாம். வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடுமாம்.

"உங்க மருந்தை இன்னொருத்தருக்கு யாரும்மா குடுக்கச் சொன்னது?" என்றார். அங்கிருந்தேதான் உனக்குப் போன் போட்டேன்.

உன் மூச்சுத் தொல்லை ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அம்மா வேலைக்குப் போனபின் உன்னோடு இருந்தவள் நான்தானே. அப்படியிருந்தும் அனுப்பினேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்களை நினைத்தால் மெஷினில் கால் வைக்க முடியவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டி எழுது. ஆனால் மருந்தே இல்லாமலும் இருந்துவிடாதே, கண் போய்விடும். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். கொடுத்தது நான்தான் என்றும் சொல்.

உன் பாவி அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள்ள வேண்டுமாம். மூச்சு இப்போது சீராக இருக்கிறது.

இடது கண்ணில் ஓரப்பார்வை போனது போனதுதான். அது உன் மருந்தால் இல்லை, நான் டாக்டரிடம் மறுபடி போகாமல் ஒளிந்ததால். டிப்போவிலும் சொன்னேன். இனி ஸ்டியரிங் கிடையாது, டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறேன்.

அவளுக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எனக்கும் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோது, முதுகைத் தடவிக்கொடுக்க அக்கா இல்லையே என்றுதான் அழுகை வந்தது. உன்னால் வந்தது என்று தெரிந்த பிறகும் அதையேதான் நினைக்கிறேன். என்ன செய்ய?

மன்னிப்புக் கேட்டு இனி எழுதாதே. கிளம்பி வா. அவள் திட்டுவாள். வாங்கிக்கொள்.

உன் தம்பி